இரண்டு எழுத்துப் பிழை

அத்தியாயம் பதினான்கு

நாற்பத்தேழாம் பக்கத்தில் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, போன வாரம் பேனாம்மா எழுந்து போனாள் அல்லவா? அந்தப் பேனா காலையிலும் மூடாமல் அங்கேயே கிடந்தது. நாற்பது வருடமாகப் பிழை திருத்துகிறவள், பேனாவை மூடாமல் படுக்கப் போனது இதுதான் முதல் தடவை.

பேனாம்மா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். எதிர்ச் சாரிக் கடையின் பெயர்ப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நேராகக் கடைக்குள் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை. ஆனால் அவளுடைய பெருமை பிழை கண்டுபிடிப்பதில் மட்டும் இல்லை. "எழுதினவங்களைக் கேக்காம ஒரு துணைக்கால்கூட நான் மாத்தினதில்ல" என்பாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்வாள், எழுத்தாளர்களிடம் சொல்வாள், சொல்ல ஆள் கிடைக்காத நாளில் கணவரிடம் சொல்வாள்.

அது பொய். ஒரே ஒரு தடவை, இரண்டே இரண்டு எழுத்தைக் கேட்காமல் மாற்றியிருந்தாள். அந்த இரண்டு எழுத்தும் நாற்பத்தேழாம் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

மகள் ஏழரை மணிக்கே வந்து நின்றாள். புத்தகமே மகளுடையதுதான். எல்லாரும் பாடுகிற முப்பத்தாறு பாடல்களை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது என்று விசாரித்து, இரண்டு வருடம் அலைந்து தொகுத்திருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு பக்கம்தான பாக்கி? கையெழுத்துப் போட்டுக் குடு. போற வழியில எடுத்துட்டுப் போயிடறேன்."

"நாலு மணிக்குத்தான அச்சுக்குப் போகுது? நானே கொண்டு வர்றேன்."

"அதுல என்ன இருக்கு பார்க்கறதுக்கு? பெரியப்பா கதை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நீ சொல்லுவ."

"அதுதான்டி எனக்குப் பிரச்சினை."

மகளுக்கு அது விளங்கவில்லை. அம்மாவின் பேச்சில் பாதி விளங்காவிட்டாலும் காரியம் நடந்துவிடும் என்ற அனுபவத்தில், அரை டம்ளர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

பெரியப்பா கதை ஊருக்கே தெரிந்த கதை. பேனாம்மாவின் கணவருக்கு அண்ணன் ஒருவர், பாட்டு வாத்தியார். ஒரு மாலை அவர் தனியாக மலைப்பாதையில் போனாராம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டதாம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றவர் வாயில் தானாக வந்ததாம் அந்த வரி:

"நடக்க முடியவில்லை, இறைவா;
என் வழியை விளக்கு."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு சைக்கிள்காரர் விளக்கோடு வந்தாராம். இந்தப் பாட்டைப் பள்ளிக்கூடங்களில் காலையில் பாடுகிறார்கள். பிரார்த்தனைக் கூடங்களில் பாடுகிறார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் பாடுகிறது, வேலை போனவனும் பாடுகிறான். சைக்கிள்காரர் வருகிற இடத்தில் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பேனாம்மா மட்டும் துடைத்துக்கொண்டதில்லை. ஏனென்றால் பாட்டு வாத்தியார் தன் கையால் எழுதிய மூலப்பிரதி அவளிடம்தான் இருக்கிறது. பெரிய அகராதிக்குள், 'வ' வரிசையில். அதில் வழியும் கிடையாது, விளக்கும் கிடையாது. "என் வலியை விலக்கு" என்றுதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். பேனாம்மா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பாட்டு வாத்தியாரின் தம்பிக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அப்போது அவருடைய பாட்டுப் புத்தகம் அச்சகத்துக்கு வந்தது. அவருக்கு ழகரம் வாயில் வராது. வழியை வளி என்பார், பழத்தைப் பளம் என்பார். வாயில் வராதது கையிலும் வரவில்லை, ல, ள, ழ மூன்றையும் குழப்பிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிக்கப் போகிறவரின் அண்ணனிடம் போய், உங்களுக்கு எழுத்து சரியில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு லகரத்தை ழகரமாக்கினாள். இன்னொரு லகரத்தை ளகரமாக்கினாள். வேலை முடிந்தது.

கல்யாண வீட்டில்தான் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தப் பாட்டை எழுதிய நாட்களில் வாத்தியாருக்குப் பயங்கரப் பல்வலியாம். தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். அப்போதுதான் பேனாம்மாவுக்குப் புரிந்தது. வலி என்பது பிழையே இல்லை. ஆனால் அதற்குள் புத்தகம் ஊரெல்லாம் போயிருந்தது.

பயந்து பயந்து காத்திருந்தாள். வாத்தியார் கோபப்படவில்லை. அதற்குப் பதிலாகப் பனிமூட்டக் கதையை எடுத்துவிட்டார். அன்றைக்குப் போன பயத்தின் இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்தது. 'என் திருத்தத்துல பேர் வாங்கிக்கிட்டு என்னமா கதை விடறாரு மனுஷன்' என்று நாற்பது வருடமாக மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கதை புத்தகமாகப் போகிறது. முதல் பக்கத்தில் மகள் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்: 'இதிலுள்ள ஒவ்வொரு கதையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.' அதற்குக் கீழே சரிபார்த்தவர் பெயர். பேனாம்மாவின் பெயர்.

கையெழுத்துப் போட்டால் மகளின் புத்தகத்தில் தெரிந்தே ஒரு பொய். போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நாற்பது வருடப் பெருமை நாலு மணிக்குள் காலி.

அகராதியைத் திறந்தாள். மூலப்பிரதித் தாளையும் நாற்பத்தேழாம் பக்கத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துப் பையில் வைத்தாள். பயம் இருந்தது, ஆனால் முடிவெடுத்த பிறகு பின்வாங்குவது அவள் சுபாவத்தில் கிடையாது.

பாட்டு வாத்தியார் கூடத்தில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. இன்னும் மேஜையைத் தட்டித் தாளம் போட்டால் மேஜைதான் பாவம். பன்னிரண்டு பேர் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், பத்து நிமிஷம் பேசணும்."

"பாடி முடிச்சுட்டுப் பேசலாமேம்மா?"

"பாட்டைப் பத்தித்தான்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குழுவை டீ குடிக்க அனுப்பினார். கடைசி ஆள் வெளியே போனதும் பேனாம்மா தாளை மேஜைமேல் வைத்தாள். வரும் வழியெல்லாம் மனசுக்குள் எழுதித் திருத்திக்கொண்டே வந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"இது உங்க மூலப்பிரதி. 'வலியை விலக்கு'ன்னு நீங்க எழுதியிருந்ததை 'வழியை விளக்கு'ன்னு மாத்தினது நான். எழுத்துப் பிழைன்னு நெனச்சு, உங்களைக் கேக்காம மாத்தினேன். அது என் தப்பு. நாப்பது வருஷமா வாயைத் திறக்காதது அதைவிடப் பெரிய தப்பு. ஆனா பனிமூட்டமும் சைக்கிளும் உங்க தப்பு. அந்தப் பக்கத்துக்குக் கீழ என்னால கையெழுத்துப் போட முடியாது."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தார்.

"இதைச் சொல்ல நாப்பது வருசம் எடுத்துக்கிட்டியேம்மா!"

"என்ன அத்தான்?"

"நீதான் மாத்தினேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

பேனாம்மா பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அச்சு ஓடிக்கிட்டிருக்கும்போதே உங்க முதலாளி மூலப்பிரதியோட ஒத்துப் பார்த்துட்டாரு. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. 'இங்க புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, அது கைவரிசையா இருக்கும், இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்'னாரு. எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு நீ. நான் என்ன பண்ணுவேன்? 'நான்தான் மாத்தச் சொன்னேன்'னேன். மனுஷன் விடலை. 'ஏன் மாத்தச் சொன்னீங்க?'ன்னாரு. அப்ப என் வாயில வந்ததுதான் அந்தப் பனிமூட்டம். அவரு நம்பாத மாதிரி பார்த்தாரு. சரின்னு ஒரு சைக்கிளையும் சேத்து விட்டேன்."

பெருமைக்காகச் சொன்ன கதை என்று பேனாம்மா எதை நினைத்திருந்தாளோ, அது அவளுடைய வேலையைக் காப்பாற்றச் சொன்ன கதை. மனசுக்குள் நாற்பது வருடமாக அவரைத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"என்கிட்ட ஏன் அத்தான் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீயே வேலையை விட்டிருப்ப. உன் ரோசம் எனக்குத் தெரியாதா? அதுவுமில்லாம..." வாத்தியார் தாளை மடித்தார். "உன் வரி என் வரியைவிட நல்லா இருந்துச்சு. அதை ஒத்துக்கத்தான் எனக்குக் கொஞ்ச நாளாச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இனி எழுதுவது சுலபம். "அப்ப உள்ளதை உள்ளபடி எழுதிடறேன். பல்வலியில நீங்க எழுதின பாட்டு. பிழை திருத்த வந்தவ பண்ணின பிழை."

வாத்தியாரின் சிரிப்பு நின்றது.

"பல்வலின்னு எளுதாத."

"ஏன்?"

"அந்த வரிக்கு மேல இருக்கே, அதைப் படி."

"நடக்க முடியவில்லை, இறைவா."

"பல்லு வலிக்கிறவன் எதுக்கும்மா நடக்க முடியலைங்கறான்?"

அந்த வரியை அவள் ஆயிரம் தடவை படித்திருப்பாள். புள்ளி, கொம்பு, ஒற்று எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறாள். என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு பல்லும் ஆடினதில்ல." வாத்தியார் வாயைத் திறந்து காட்டியே விட்டார். "தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு சாக்கு வேணும். துணியைக் கட்டிக்கிட்டேன்."

"யாரைப் பார்க்கப் போனீங்க?"

"உன் வீட்டுக்காரனைத்தான். அப்ப அவன் மணிக்கூண்டு கடிகாரமெல்லாம் ஏறிப் பார்க்கிறவன். விளுந்துட்டான். நடப்பானா மாட்டானான்னே டாக்டருங்க சொல்லலை. வராந்தாவுல உக்காந்து நான் எளுதினது அது. வலி என்னுது இல்ல, அவனுது."

"அவர் வெளியூர்ல பயிற்சின்னு... ரெண்டு மாசம்... எனக்கு லெட்டர்கூட வந்துச்சே!"

"யார் கொண்டு வந்து குடுத்தது?"

அவர்தான். இந்தப் பாட்டு வாத்தியார்தான் தன் கையால் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கடிதங்களில் இருந்த சந்திப் பிழைகளை ஒன்று விடாமல் பார்த்தவள், தபால் முத்திரை இல்லாததைப் பார்க்கவில்லை.

"மிச்சத்தை அவன்கிட்டக் கேளு," என்றார் வாத்தியார். "எளுதச் சொன்னா எளுது. வேணாம்னான்னா பல்வலின்னே போட்டுடு. பல்லு என்னுதுதானே, நான் தாங்கிக்கறேன்."

கணவரின் கடிகாரக் கடைக்குப் போகும்போது மணி ஒன்றரை. வழக்கமாக விறுவிறு என்று நடக்கிறவள், அன்றைக்கு அந்தத் தெருவை மெதுவாகக் கடந்தாள். எங்கே போனாலும் கணவர் பத்தடி பின்னால்தான் வருவார். "ஆமைகூட உங்களை முந்திடும், சீக்கிரம் வாங்க" என்று எத்தனை தடவை நடுத்தெருவில் கத்தியிருக்கிறாள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற தொழிலைத் தேடிப் பிடித்த சோம்பேறி என்று சொந்தக்காரர்களிடம் கேலி செய்திருக்கிறாள். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கணவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில எத்தனை நாள் இருந்தீங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவர் கையில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கிண்ணத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்பத்திரண்டு நாள். அண்ணன் சொல்லிட்டானா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கல்யாணம் வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"சொல்லியிருப்பேனா நான்?"

"மாட்ட. இப்பத் தெரியும். அப்ப உன்னை ரெண்டே தடவைதான் பார்த்திருந்தேன்."

"கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நடுத்தெருவுல வெச்சு உங்களை நான் என்னவெல்லாம்..."

"அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம், இத்தனை வருஷம் சொல்லலையேன்னு சொல்ல வெட்கமாயிடுச்சு." அவர் மெல்லச் சிரித்தார். "உனக்குத் தெரியாதா அது எப்படின்னு?"

தெரியும். அவளைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்? அகராதிக்குள் அதே நாற்பது வருடம்தான் அவளும் ஒரு தாளை வைத்திருந்தாள். கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

பையிலிருந்து பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நாலு மணி விவகாரத்தைச் சொன்னாள். "எழுதலாமா? வேணாம்னா விட்டுடறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"அண்ணன் எதுவரைக்கும் சொன்னான்?"

"விழுந்தீங்கன்னு சொன்னார்."

"எப்படி விழுந்தேன்னு?"

"சொல்லலை."

"அவனுக்கே தெரியாது அது." அவர் பூதக்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "நீ போய் உன் பங்கை எழுது. அந்த இடத்துல மட்டும் நாலு வரி காலியா விடு. யோசிக்கணும்."

அச்சகம் மூன்றாவது மாடியில். புத்தக வேலைக்காக அங்கே மகளுக்குக் கொடுத்திருந்த மேஜை முன்னால் உட்கார்ந்து பேனாம்மா நாற்பத்தேழாம் பக்கத்தைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். இத்தனை வருடம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியவளுக்குச் சொந்தமாக எழுதுவது இவ்வளவு பிடிக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கை ஓடியது. சுற்றி வளைக்கவில்லை. 'இந்தப் பாட்டின் புகழ்பெற்ற வரி ஒரு தவறு. அந்தத் தவறைச் செய்தவள், இந்தப் புத்தகத்தைச் சரிபார்த்த நான்' என்று தொடங்கினாள். முதலாளி, சைக்கிள், தாடைத்துணி எல்லாம் வந்தன. வலி யாருடையது என்ற இடத்தில் நாலு வரி விட்டாள்.

மூன்றே முக்காலுக்கு மகள் படித்தாள். முதலில் உட்கார்ந்து படித்தாள். பாதியில் எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, இது அச்சுல வந்தா உன்னை எல்லாரும்..."

"என்ன சொல்லுவாங்க?"

"'துணைக்கால்கூட மாத்தினதில்ல'ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியே!"

"இனிமே, ஒரே ஒரு தடவை மாத்தினேன், அது நாடே பாடுதுன்னு சொல்லிக்கறேன். எவளுக்குக் கிடைக்கும் இந்தப் பேரு?" பேனாம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மகள் குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "பெரியப்பா சம்மதிச்சாரா?"

"சிரிக்கறாரு."

"சரி, நடுவுல எதுக்கு இந்த நாலு வரி காலியா இருக்கு? 'அந்த வலி'ன்னு சொல்லி நிறுத்தியிருக்க. யாரோட வலி? பத்து நிமிஷத்துல மெஷினுக்குப் போகணும்மா."

பேனாம்மா பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

ஒரு அடி. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு அடி. கைப்பிடிக் கம்பி முனகியது. பிறகு மறுபடியும் ஒரு அடி.

இந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. பேனாம்மா இங்கே வேலை பார்த்த இத்தனை வருடத்தில், கணவர் ஒரு தடவைகூட மேலே வந்ததில்லை. மழை நாளில்கூடக் கீழே தெருவில்தான் நிற்பார். கேட்டால், கடையை யார் பார்த்துக்கொள்வது என்பார்.

மகள் கதவருகே போய் எட்டிப் பார்த்தாள். "அப்பா! அம்மா, அப்பா வர்றார். ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கறார். நான் போய்ப் பிடிச்சுக்கறேன்."

"வேணாம், உட்காரு," என்றாள் பேனாம்மா. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அவரே வரட்டும்."

மெஷின் அறையிலிருந்து ஒருவர் வந்து பக்கம் தயாரா என்று கேட்டார். மகள் படிக்கட்டைக் காட்டினாள். அவரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி மூன்று ஐம்பத்து நாலுக்குக் கணவர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஒரு கை நிலைப்படியில் இருந்தது. மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மேஜையில் இருந்த தாளைப் பார்த்தார். பேனாம்மா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்க எழுதணும்?"

அவள் காலி இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார். ஆனால் எழுதவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எழுதறேன். ஆனா, படிச்சப்புறம் நீ என்ன நெனச்சாலும் சரி, இதுல ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

(தொடரும்)